கதவுக்கு வரி

சாயங்காலம் சந்து முனையில் சைக்கிள் மணி கேட்டால், பிரிக்பீல்ட்ஸ் ஆற்றோர வரிசை வீடுகளில் பின்கொட்டகை விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். மணியடித்துக்கொண்டு வருபவன் நாகையா, போர்டு ஆபீஸ் பியூன். எந்த வீட்டுப் பின்கொட்டகையில் விளக்கு எரிகிறதோ அங்கே யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள் என்று பொருள். வாடகை வந்தால் வரி ஏறும். புது வருஷத்திலிருந்து இப்படி ஒரு சட்டம். பார்த்துக் குறித்துக்கொண்டு போக, இருட்டும் நேரமாகப் பார்த்து அவனை அனுப்பினார்கள்.

நாகையா கெட்டவன் இல்லை. அவன் மணியை அவ்வளவு நீளமாக அடிப்பதே, அணைக்க நேரம் கொடுப்பதற்காகத்தான் என்று வரிசையில் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்காரர்கள் விளக்கை ஊதிவிட்டு, வாசலில் கட்டியிருக்கும் சாக்குத் திரையையும் சுருட்டி மேலே செருகிவிடுவார்கள். பார்த்தால் வெறும் விறகுக் கொட்டகை. உள்ளே இருட்டில் ஆலைத் தொழிலாளிகள் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வரியென்றால் ஒரு வரியா? வீட்டு வரி தனி, தண்ணீர்ப் பணம் தனி, கக்கூஸ் வாளி எடுப்பதற்குத் தனி. வீடு நிற்கும் நிலத்துக்கு வருஷா வருஷம் லைசென்ஸ். விலை மந்தத்தில் கூலியைக் குறைத்தவர்கள் இன்னும் பழைய கூலிக்கு வரவில்லை. வரிகள் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டன. மூன்றாம் வீட்டுச் சின்னையா வண்டிமாடு வைத்திருந்தார். லைசென்ஸ் கட்ட முடியாமல் ஜோடியில் ஒன்றை விற்றுவிட்டு, ஒற்றை மாட்டு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயடியில் அவருக்குப் பேச்சு வேறு கிடையாது.

“வீட்டுக்கு வரி, வண்டிக்கு வரி, மாட்டுக்கு வரி. மாடு கத்துனா அதுக்கும் போடுவான் பாரு. அதான் எம்மாட்ட வாயக் கட்டி வச்சிருக்கேன்.”

“உங்க வாய்க்கு மொதல்ல கட்டுங்க. அதுக்குத்தான் பெரிய வரி வரும்,” என்பாள் அவர் மனைவி இராஜம்மா. குழாயடி சிரிக்கும். குடம் நிறைந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

இந்தப் பேச்சிலெல்லாம் சேராமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறவன் கடைசி வீட்டு வேலாயுதம். ஆற்றோரப் பலகை ஆலையில் மரம் அடுக்குகிற வேலை. முப்பத்தைந்து வயதுக்கு நரை கொஞ்சம் அதிகம். ஆண்பிள்ளை குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்துக்கொண்டு போவதைப் பெண்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு பழகிவிட்டது.

அவன் மனைவி பவுனம்மாள் ஊருக்குப் போய் மூன்று வருஷமாகிறது. மந்தத்தில் ஆலை மூடிக் கிடந்தபோது, ஒருவர் பட்டினியாவது குறையட்டும் என்று அண்ணன் வீட்டுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினான். அதற்கு முன் இருவரும் அந்த ஒற்றை அறை வீட்டில்தான் இருந்தார்கள், நடுவில் சாக்குத் திரை கட்டி, அந்தப் பக்கம் ஆலைக்காரர்கள் இருவருக்கு வாடகைக்கு விட்டு. கல்யாணமான நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வாய்விட்டுப் பேசியதில்லை. அவள் ஒரு தடவை அழ வேண்டியிருந்தபோது ஆற்றங்கரைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. “அடுத்த தடவ நான் வரும்போது ஒரு கதவு இருக்கணும். சாத்திக்கிற மாதிரி” என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டவள் போலக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஆலை திறந்ததும் வேலாயுதம் வாடகைக்காரர்களை வேறு இடம் பார்க்கச் சொன்னான். அந்த வாடகையும் போயிற்று. ஆலை முதலாளியான சீனத் தவுக்கே கழித்துப் போட்ட பலகைகளைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை எழுப்பினான். கதவுக்கு மட்டும் கழிவுப் பலகை வேண்டாமென்று, பழைய தண்டவாளச் சிலீப்பர் கட்டைகளை விலைக்கு வாங்கி அறுத்துச் சேர்த்தான். இரும்பு மாதிரிக் கனம். மாட்டுவதற்கு நாலு பேர் வந்து தூக்க வேண்டியிருந்தது. “உள்ளாற பொன்னா வைக்கப் போற?” என்று சின்னையா கேட்டார். வேலாயுதம் காது சிவந்து நின்றான். பொன் இல்லை, பவுனுதான் என்று இராஜம்மா எடுத்துக் கொடுத்தபோது எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

தை மாதம் கழிந்து புறப்படும் கப்பலில் அவளை ஏற்றிவிடுவதாக மைத்துனனிடமிருந்து செய்தி வந்தது. அன்று முதல் அந்த அறையில் அந்தியில் காமாட்சி விளக்கு ஏற்றினான். கடல் தாண்டி வருகிறவள் வந்து சேரும் வரையில் அவள் அறையில் விளக்கு வைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனுக்கே தோன்றியது. ஏற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருப்பான். பேச ஆள் இல்லாத அறையில், பேசினால் வெளியே கேட்காது என்ற நினைப்பே ஒரு துணையாக இருந்தது. ஒரு நாள் மெல்ல, “சோறு ஆக்கியாச்சு பவுனு” என்று சொல்லிப் பார்த்தான். பிறகு எழுந்துபோய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான்.

அங்கே விளக்கு வைக்க ஆரம்பித்த பிறகு முதல் தடவையாகச் சைக்கிள் மணி கேட்டபோது வரிசை முழுவதும் இருண்டது. அவனும் விளக்கின் அருகே குனிந்தான். மற்றவர்கள் ஊதுவது மண்ணெண்ணெய் விளக்கு. இது சாமி விளக்கு. அந்தி நேரத்தில், பெண்டாட்டி பயணப்படப்போகிற சமயத்தில், அதை எப்படி ஊதுவது? பூவால் ஒற்றிக் குளிரவைக்கலாம் என்றால் அதற்கும் இது நேரமில்லை. கதவைச் சாத்திவிட்டால் வெளிச்சம் தெரியாது என்று நினைத்துச் சாத்தினான். பலகை இடுக்குகள் எல்லாவற்றிலும் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது.

நாகையா வேலியோரம் சைக்கிளை நிறுத்தி, இரண்டு தடவை மறுபடி மணி அடித்தான். விளக்கு அணையவில்லை. அவன் பின்னால் அன்றைக்கு ஆபீசில் கணக்கெழுதும் மேல் கிராணி ஒருவரும் நடந்து வந்துகொண்டிருந்தார். வேறு வழியில்லை, எழுதிக்கொண்டான்.

அடுத்த வாரம் வரிச் சீட்டு ஒன்பது வீட்டுக்கும் வந்தது. ஒரே நிலம், ஒரே வரிசை, ஆகவே ஒரே மதிப்பு. ஒரு வீட்டில் வாடகை அறை இருந்தால் எல்லா வீட்டுக்கும் அதே வரி. சின்னையா அன்று குழாயடிக்கு வரவில்லை. இராஜம்மா வந்தாள். வேலாயுதத்தின் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள்.

“ஒரு வெளக்க ஊத ஒனக்கு வாயில்லாமப் போச்சா தம்பி? இருக்குற ஒத்த மாட்டையும் இப்ப அவுத்துக் குடுக்கணும். ஆளில்லாத ரூமுக்கு வெளக்கு எதுக்கு? பேய்க்கா?”

அவன் காத்திருந்து, கடைசியாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனான். அன்று முதல் யாரும் அவனிடம் பசியாறியாச்சா என்றுகூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து போர்டு ஆபீசுக்குப் போனார்கள். வேலாயுதமும் போனான், சற்றுப் பின்னால் நடந்து. துரை நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஒரு தமிழ்க் கிராணி நின்று மொழிபெயர்த்தார். சின்னையா தொப்பி போட்டவர்களைக் கண்டால் பேச்சுத் தடுமாறுகிறவர். ஆனாலும் மாட்டை விற்றது வரைக்கும் சொல்லி முடித்தார். துரை பொறுமையாகக் கேட்டார். ஆற்றங்கரைக்கு வடிகால் கட்ட வேண்டியிருக்கிறது, பணம் எங்கிருந்து வரும் என்றார். அந்த வடிகாலை யாரும் இன்னும் பார்த்ததில்லை. பிறகு, கடைசி வீட்டுக்காரன் யார் என்று கேட்டார்.

வேலாயுதம் முன்னால் வந்தான். அறையில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேள்வி. யாரும் இல்லை என்றான். அப்படியானால் யாருக்காக விளக்கு?

அவன் பின்னால் வரிசை முழுவதும் நின்றது.

“எஞ்சம்சாரத்துக்கு” என்றான்.

“அவங்க எங்க?”

“ஊர்ல இருக்காங்கய்யா. இனிமேத்தான் வரணும். ஒரு கதவு வேணும்னு கேட்டாங்க.”

கிராணி அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். பிறகு சுருக்கமாக என்னவோ சொன்னார். துரை பதில் சொன்னபோது குரலில் கடுமை இல்லை. சட்டம் மட்டும் இருந்தது. நான்கு சுவரும் கதவும் இருந்தால் அறை. காலியோ, ஆளோ, அறைக்கு வரி உண்டு. கதவில்லாமல் திறந்து கிடந்தால் அது கொட்டகை. உள்ளே விளக்கு எரிந்தாலும் கொட்டகைதான். அதற்குப் பழைய வரியே போதும்.

“சாக்கு கட்டியிருந்தா?” என்று யாரோ கேட்டார்கள்.

“சாக்கு கதவு இல்ல” என்றார் கிராணி.

திரும்பி வரும் வழியில் அவர்கள் முகங்களில் வெளிச்சம் தெரிந்தது. இத்தனை நாளும் வீணாக விளக்கை ஊதியிருக்கிறோமே என்று ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான், உடனே நிறுத்திக்கொண்டான். வேலாயுதத்திடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஒன்றே ஒன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இராஜம்மா மட்டும் பாலத்தடியில் நின்று அவன் வரட்டும் என்று காத்திருந்தாள்.

“அன்னைக்கு பேய்னு சொல்லிட்டேன்” என்றாள்.

“பரவால்லக்கா.”

“நீ அந்தக் கதவ எடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாட்டியும் உங்க மாடு நிக்கணுமேக்கா” என்றான் அவன்.

மறுநாள் காலையில், யாரையும் கூப்பிடாமல், கீலாணிகளைத் தட்டிக் கழற்றினான். நாலு பேர் மாட்டிய கதவைத் தனியாக இறக்குவது லேசில்லை. தோளில் சாய்த்து, மடங்கி, அங்குலம் அங்குலமாகத் தரைக்குக் கொண்டுவந்தான். சத்தம் கேட்டுச் சின்னையா ஓடிவந்தார். கதவு அதற்குள் சுவரில் சாய்ந்திருந்தது. அவர் வாசல் காலியாக இருப்பதைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்படியே திரும்பிப் போனார். மத்தியானம் இராஜம்மா சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள்.

கப்பல் அதற்குள் நாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்பியிருக்கும். இனி அவளுக்குச் செய்தி சொல்ல முடியாது. கதவு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் வந்துகொண்டிருப்பாள்.

அன்று அந்தியில் அவன் வழக்கம்போல் விளக்கேற்றினான். ஆற்றுக் காற்று திறந்த வாசல் வழியாக நேரே உள்ளே வந்து சுடரை மடக்கிற்று. கையால் மறைத்தான்; போதவில்லை. தூரத்தில் சைக்கிள் மணி கேட்டது. வரிசையில் ஒரு விளக்கும் அணையவில்லை. எட்டு வீட்டுப் பின்கொட்டகையிலும் சாக்குத் திரைக்குப் பின்னால் வெளிச்சமும் பேச்சும் இருந்தன. காற்று தொந்தரவு செய்தது அவன் விளக்கை மட்டுந்தான்.

வேலாயுதம் எழுந்தான். சாய்த்து வைத்திருந்த கதவை இழுத்து இழுத்து வாசலில் நிறுத்தினான். உள்ளே நின்று இரண்டு ஓரங்களையும் கையால் பற்றி, தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டான். சுடர் நிமிர்ந்தது.

மணி வேலியோரம் வந்து நின்றது. வெளியிலிருந்து பார்த்தவனுக்கு மூடிய கதவும் அதன் இரண்டு ஓரங்களிலும் எட்டு விரல்களும் தெரிந்தன.

“அண்ணே, கதவ மாட்டிட்டீங்களா?” என்றான் நாகையா. குரலில் பயம் இருந்தது.

“மாட்டல. புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்.”

நாகையா சைக்கிளை வேலியில் சாய்த்தான். வேலியைத் தாண்டி வந்து கீல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். வெறும் ஆணித் துளைகள்.

“புடிச்சிக்கிட்டு நின்னா கணக்குல வராதுண்ணே” என்றான். “எவ்வளவு நேரம் நிப்பீங்க?”

“எண்ணெ தீர்ற வரைக்கும்.”

சைக்கிள் போய்விட்டது. தோள் வலித்தது. ஒரு தோளை எடுத்து மறு தோளைக் கொடுக்க ஒருவனால் முடியவில்லை. இரண்டு பேர் வேண்டும் அந்தக் கதவுக்கு. பவுனம்மாள் வந்து பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தான். எதுவும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அல்லது, முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, “தள்ளுங்க, இந்தப் பக்கத்த நான் புடிக்கிறேன்” என்று சொன்னாலும் சொல்வாள்.

விளக்கில் எண்ணெய் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. அவன் கால்களை அகற்றி ஊன்றிக்கொண்டான்.