மீன்குஞ்சுகளுக்கு ஒரு மாமியார் விருந்து

வில்லியனூர் கடைத்தெருவில் பைப்பு, ஆணி, மோட்டார் விற்கும் அப்துல் சமதுவின் வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக ஷரீப் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வரும்போது கையில் விலங்கியல் பட்டமும் இடுப்பில் ஒரு பெல்ட்டும் இருந்தன. பட்டம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பெல்ட்டில் தளர்த்துவதற்கு ஓட்டை மிச்சமில்லை.

காரணம் மாமியார் பாத்திமுத்து. மற்ற வீடுகளில் புது மாப்பிள்ளை விருந்து ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். பாத்திமுத்துவுக்கு அந்தத் தகவலை யாரும் சொல்லவில்லை. ஷரீப்பே சொல்லியிருப்பான்; ஆனால் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அந்த வீட்டில் வழக்கமில்லை. அவள் சமையலறைத் திரைக்குப் பின்னால் இருப்பாள். இவன் கூடத்தில் இருப்பான். நடுவில் அவன் மனைவி சுரையா போய்வருவாள். ஷரீப் சொல்கிற வாக்கியம் திரையைத் தாண்டுவதற்குள் குளித்து, பவுடர் பூசி, பூவும் வைத்துக்கொண்டுவிடும். "போதும்" என்று அவன் இங்கே சொன்னால், அங்கே அது "கறி ரொம்ப ருசியாம்மா" என்று போய்ச் சேரும். உடனே அடுத்த கரண்டி புறப்படும்.

மாமனாருக்கு வேறு கவலை.

"மாப்ள, படிச்ச புள்ள வூட்ல சும்மா குந்தியிருந்தா ஊரு நாலு பேசும். கடைக்கு வந்துடுங்க. என் பக்கத்துல உக்காந்து ஆணி எட போட்டா போதும்."

நாளெல்லாம் மாமனாரின் இருமலைக் கேட்டபடி ஆணி நிறுக்க ஷரீப்புக்கு மனமில்லை. அவசரத்துக்கு, ஏதோ ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் படித்ததை எடுத்துவிட்டான். கீழே தொட்டியில் மீன். மேலே ஜல்லி நிரப்பிய பாத்தியில் கீரை. மீன் அழுக்காக்கிய தண்ணீரைச் சின்ன மோட்டார் மேலே ஏற்றும். கீரை அந்த அழுக்கைக் குடித்துக்கொண்டு தண்ணீரைச் சுத்தமாகக் கீழே விடும்.

"மீனு பேண்ட தண்ணியில கீரையா?"

"எருன்னு நெனச்சிக்குங்க மாமா."

சமது யோசித்தார். பைப்பு, மோட்டார் எல்லாம் தம் கடைச் சரக்கு என்பதில் அவருக்கு ஒரு சபலம் தட்டியது.

"சரி. மீனு உடற வாரம் வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சி கடைத்தெரு ஆளுங்கள கூட்டியாறேன். மீனு உசுரோட இருந்தா நீங்க மீனப் பாருங்க. மெதந்துச்சின்னா, சனிக்கெழம ஆணி."

கொல்லையில் தொட்டி எழுந்தது. கிணற்று நீரை நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, பாத்தியில் கீரை தலைகாட்டும் வரை காத்திருந்து, புதன்கிழமை பாகூர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்தான். காற்றடைத்த பிளாஸ்டிக் பையை பஸ்ஸில் மடியில் வைத்திருந்தவனிடம் கண்டக்டர், "எறங்குற எடத்துல புள்ளைங்கள எண்ணிப் பாத்து எறக்குங்க சார்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பையை அவிழ்க்காமல் அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டான்.

"இன்னாங்க, பையோட போட்டுட்டீங்க?" என்றாள் சுரையா.

"பைத் தண்ணி சூடு வேற, தொட்டித் தண்ணி சூடு வேற. திடீர்னு உட்டா தாங்காது. கொஞ்சங்கொஞ்சமா பழகணும்."

"உங்கள யாரும் இப்படிப் பழக்கிக் கொண்டாரலியே?"

"அதான் பாக்கறியே, என் நெலமய."

பிறகு பையின் வாயைத் திறந்து, தொட்டித் தண்ணீரைக் குவளை குவளையாக உள்ளே ஊற்றினான். நிதானமாகப் பையைச் சாய்த்தான். குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியே வந்து, பைப்பின் அடியில் ஒண்டிக்கொண்டன. புது இடத்தில் யாரும் அப்படித்தான்.

"இன்னிக்கு ஒண்ணும் போடக்கூடாது. நாளையிலேருந்து ஒரு சிட்டிக தவிடு. மாமிகிட்ட ஒழுங்கா சொல்லிடு."

சுரையா உள்ளே போனாள். வீட்டுக்கு வந்த உயிர்களைப் பட்டினி போடு என்று பாத்திமுத்துவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "சின்னக் குஞ்சிங்களாம்மா, ரொம்பத் தின்னாதாம்" என்று சொல்லிவைத்தாள்.

"அதுக்கின்னா, மசிச்சிப் போட்டா ஆச்சி."

வியாழக்கிழமை விடிந்தபோது தொட்டியில் இடியாப்ப நூல்கள் மிதந்தன. தண்ணீர்மேல் தேங்காய்ப்பால் எண்ணெய் பளபளத்தது. ஷரீப் சுரையாவைக் கூப்பிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "இந்த மாரி போட்டா செத்துடும்னு சொல்லு. 'செத்துடும்'ங்கற வார்த்தைய முழுங்காம சொல்லு."

அவன் வலைத்துணியால் நூல்களை அரித்துக்கொண்டிருக்க, சுரையா உள்ளே போய், "இடியாப்பம் அதுங்களுக்கு ஒத்துக்கலியாம்மா" என்றாள்.

"ஐயோ பாவம், வவுறு சரியில்லியா? மொதல்லயே சொல்றதுக்கின்னாடி? கஞ்சி காச்சித் தரேன்."

ஷரீப் பைப்புக்கு ஒரு மூட்டு வாங்கக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் கஞ்சி தொட்டியில் இறங்கிவிட்டது, பூண்டு வெந்தயத்தோடு. தண்ணீர் சோறு வடித்த நீர்போல் ஆகியிருந்தது. குஞ்சுகள் அத்தனையும் மேலே வந்து, வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. பக்கத்தில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கிண்ணம் நிறைய மசித்த முட்டையோடு பாத்திமுத்து நின்றிருந்தாள். மருமகன் இன்னும் கடையில் இருப்பதாக அவளுக்கு நினைப்பு.

"பாருடி, வாயத் தொறந்து தொறந்து எப்படிக் கேக்குதுங்க! ஆத்தாள உட்டுட்டு வந்த புள்ளைங்க, பசி தாங்குமா?"

ஷரீப் ஓடிவந்து தொட்டிக்கு முன்னால் நின்றான். பாத்திமுத்து சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். சுரையா வழக்கம்போல நடுவில் வந்தாள்.

"அது பசியில்ல, மூச்சு முட்டுதுன்னு சொல்லு."

"அம்மா, அவரு இன்னா சொல்றாருன்னா, கஞ்சி ரொம்ப..."

"மாமி! போதும்!"

சுரையா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோழிகூடக் கிளறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனிமேல் மரியாதையை எங்கே தேடுவது என்று ஷரீப் மேலே பேசினான்.

"தின்னதும் தின்னாததும் அழுவி, தண்ணி கெட்டு, மூச்சுக்குத் தவிக்குதுங்க மாமி. இன்னும் ஒரு கரண்டி உழுந்துச்சின்னா அத்தினியும் செத்துடும். நாளான்னிக்கு நான் ஆணி எட போடணும். அப்பறம் நானும் செத்துடுவேன். மூணு மாசமா போதும் போதும்னு கத்திகினு கெடக்கறேன்!"

கடைசி வாக்கியம் மீனைப் பற்றியது அல்ல. அது தானாக வெளியே வந்துவிட்டது.

பாத்திமுத்து மருமகனைப் பார்க்காமல் மகளைப் பார்த்தாள். "மூணு மாசமா சொன்னாராடி?"

சுரையா தென்னைமரத்தைப் பார்த்தாள்.

பாத்திமுத்து கிண்ணத்தைக் கோழிக்கு வைத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். "இப்ப இன்னா செய்யணும்னு கேளு."

பாதித் தண்ணீரை இறைத்துக் கீரைக்கும் வாழைக்கும் விட்டார்கள். அண்டாவில் பிடித்துவைத்திருந்த கிணற்று நீரை உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்றினார்கள். மூவரில் வேகமாக வாளி தூக்கியது பாத்திமுத்துதான். கோபம் அவ்வளவு இருந்தது. பொழுது சாய்வதற்குள் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டு அடிக்கு இறங்கின. இரண்டு மூன்று மட்டும் இறங்கவில்லை. அவற்றைச் சுரையா முருங்கை மரத்தடியில் புதைத்தாள். அத்தா சமதுவிடம் இந்த முறை அவள் எதையும் மாற்றிச் சொல்லவில்லை, சொல்லவே இல்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடைத்தெருவே கொல்லைக்கு வந்தது. தெளிந்த தண்ணீரில் குஞ்சுகள் கும்பலாகத் திரும்புவதையும், ஜல்லியில் கீரை தளதளப்பதையும் குனிந்து பார்த்தார்கள்.

"நம்ம கட மோட்டாரு" என்றார் சமது. பிறகு மருமகன் பக்கம் திரும்பி, "மாப்ள, பேச்சுன்னா பேச்சு. கடைக்கு நீங்க வரத் தேவையில்ல" என்றார்.

ஷரீப் வெற்றிவீரனாகச் சாப்பிட உட்கார்ந்தான். பிரியாணி வாசனை தெருவரை போயிருந்தது. தட்டில் ஒரே ஒரு கரண்டி விழுந்தது. இரண்டு வாயில் தட்டு காலி. அவன் திரையைப் பார்த்தான். திரை அசையவில்லை. சமதுவும் ஒரு கரண்டியை முடித்துவிட்டு அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கெடைக்குமான்னு கேளேன்" என்றான் சுரையாவிடம்.

அவள் போய்விட்டு வந்தாள். "மூணு மாசமா உங்கள வதைச்சதுக்கு அம்மா மாப்பு கேட்டுக்கறாங்களாம். இனிமே இந்த வூட்ல யாரையும் வதைக்கப்போறதில்லியாம்."

"நான் சொன்னத ஒழுங்காதான சொன்னே?"

"இப்பல்லாம் சொன்னத சொன்னபடிதான் சொல்றேன்."

இரவு இரண்டு இட்லி. மறுநாள் காலை ஒரு இடியாப்பம், அதுவும் வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி. கொல்லையில் பாத்திமுத்து இரண்டு விரலால் தவிடு எடுத்து, அதிலும் கொஞ்சத்தைத் திரும்ப உதறிவிட்டு, தொட்டியில் தூவிக்கொண்டிருந்தாள். குஞ்சுகள் சொகுசாக இருந்தன.

சனிக்கிழமை பத்து மணி வாக்கில் ஷரீப் கடைப் படியேறினான். சமது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இன்னா மாப்ள, மீனு மெதந்துட்டுதா?"

"நல்லா இருக்குது மாமா."

"அப்பறம்?"

எதிர் டீக்கடையில் போண்டா எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது. ஷரீப் கொஞ்சநேரம் அந்தப் பக்கம் பார்த்தான். "சும்மா, ஆணி எட போடலாம்னு" என்றான்.

நேற்றிலிருந்து ஒரு கரண்டியில் ஓடிக்கொண்டிருந்த சமதுவுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. தராசை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, டீக்கடைக்காரரைப் பார்த்து போண்டாவுக்கு இரண்டு விரல் காட்டினார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கடைத்தெருவிலிருந்து வீடு கூப்பிடு தூரம்தான்.