நானூறு கோடி வருஷத்து மிளகு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கத்துவேன், யோசிப்பதெல்லாம் அப்புறம்தான். அன்று காலையும் அப்படித்தான் ஆனது.

கோவளம் தாண்டி ஈசிஆர் ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஆய்வுக்கூடம். உயிர் தோன்றுவதற்கு முன் பூமியில் இருந்த குட்டைகளில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்பது எங்கள் வேலை. உப்பையும் களிமண்ணையும் சில எளிய ரசாயனங்களையும் கண்ணாடிக் கிண்ணங்களில் கரைத்து ஓவனில் காயவைப்போம். பிறகு நனைப்போம், மறுபடி காயவைப்போம். ஐந்து மாதத்தில் எல்லாம் பழுப்புப் பிசினாகிவிடும். அதில் ஆயிரக்கணக்கான பொருள்கள் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் எடை பார்த்துப் பிரித்துக் காட்டுவது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி.

போன வாரம் அது காட்டியதை என்னால் நம்ப முடியவில்லை. புரதங்களின் செங்கற்களான அமினோ அமிலங்களில் இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவம் உண்டு; இரண்டுக்கும் எடை ஒன்றே என்பதால் தனிக் குழாய் ஒன்றில் முதலில் பிரித்துத்தான் கருவிக்குள் அனுப்புவோம். தானாக உருவானால் இரண்டும் சரிபாதி வரும். உயிருள்ளவற்றில்தான் இடக்கை மட்டும். எங்கள் கிண்ணத்தில் கிட்டத்தட்ட எல்லாமே இடக்கை.

"ஃபைஸா, இது மட்டும் நெஜம்னா நாம எங்கயோ போயிடுவோம்" என்றார் எங்கள் தலைவர் ராஜாராம் சார். இன்று பதினோரு மணிக்கு நிபுணர் குழுவிடம் சொல்வதாக ஏற்பாடு. அவர்கள் தலையாட்டினால் ஆய்வு தொடரும். இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான்.

ஒன்பதரைக்குக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 286 என்ற எடையில் ஒரு சின்னக் கோடு. இத்தனை நாள் குப்பை என்று ஒதுக்கியிருந்தேன். பட்டியலோடு ஒப்பிட்டதும் பெயர் வந்தது: பைப்பரின். மிளகின் காரம்.

நானூறு கோடி வருஷத்துக்கு முந்தைய குட்டையில் மிளகு எப்படி வரும்?

கூடத்தைப் பெருக்கித் துடைப்பது பக்கத்துக் குப்பத்து ஸ்டான்லி அண்ணன், ஒப்பந்த ஊழியர். அவர்மேல் பாய்ந்தேன்.

"ஓவன்ல யாரு சோறு வெச்சது? அஞ்சு மாச உழைப்பு அண்ணே! அறிவு வேணாமா?"

அவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "நாந்தான் மேடம். மதியானத்துக்கு முன்னாடி அர மணி நேரம் மேல்தட்டுல வெப்பேன். கீழ கிண்ணத்துல கைய வெச்சதே இல்ல. ஒரு தபா மூடி லூசாகி ஒயுகிச்சி, தட்ட தொடச்சி வுட்டேன்."

"உங்க சாப்பாட்ட அங்கயா வெப்பீங்க?"

"என்னுது இல்ல மேடம், நான் வூட்டுக்குப் போய்த் துன்னுட்டு வரேன். உங்க டப்பாதான். ஆறிப்போன மீன் கொயம்ப வாயில வெக்க முடிலன்னு பாதி சோத்த கொட்டிகினு இருந்தீங்க. மனசு கேக்கல."

மேல்தட்டிலிருந்து கீழே கிண்ணத்தில் சொட்டியிருக்கிறது. மிளகு தூக்கலாக நானே வைக்கும் சங்கரா மீன் குழம்பு. மீனிலிருந்து வந்த அமினோ அமிலம் இடக்கையாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? ஐந்து மாதமாக, ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்தால் ஆவி பறந்தது. இந்தக் கட்டடத்தில் ஒரு மைக்ரோவேவ்கூடக் கிடையாது. எங்கே சூடாகிறது என்று ஒரு நாளாவது கேட்டேனா? ஆராய்ச்சியாளராம் நான்! வெட்கமாக இருந்தது.

ராஜாராம் சார் வந்து திரையைப் பார்த்தார். "சின்னக் கோடுதானே ஃபைஸா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"மீன் குழம்பு சார்."

"யார் பண்ண வேலை இது?"

ஸ்டான்லி அண்ணன் ஓர் அடி முன்னால் வந்தார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"என் சாப்பாடு சார். குழுகிட்ட நானே சொல்லிடறேன்."

சொன்னேன். முதல் படமாகவே அந்த 286-ஐப் போட்டேன். குழுவில் ஒருவர் தன் முன்னால் இருந்த ஃபைலை மூடிவைத்தார்.

ஒரு மணிக்கு ஸ்டான்லி அண்ணன் என் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தொட்டுப் பார்த்தேன், ஆறிப் போயிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தேன்.