ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க

வந்தவர்கள் மூன்று பேர். விளம்பரப் படம் எடுக்க வீடு பார்க்க வந்திருக்கிறார்கள் என்று தம்பி சொன்னான். எனக்கென்னவோ மூவரும் திருடுவதற்கு முன் நோட்டம் பார்க்க வந்தவர்களாகவே பட்டார்கள்.

"பின்கதவு எந்தப் பக்கம் திறக்கும்மா?" என்றார் இயக்குநர். பிஸ்கட் விளம்பரத்துக்குப் பின்கதவு எதற்கு? கேமராக்காரர் ஜன்னல் கம்பிகளைப் படம் பிடித்தார், மெயின் சுவிட்சைப் படம் பிடித்தார். "பக்கத்து வீட்டுக்காரங்க எத்தனை மணிக்கு வேலைக்குப் போவாங்க?" என்று வேறு கேட்டார். நைசாக உள்ளே போய் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "லொகேஷன் பாக்க வந்தா இதெல்லாம் கேப்பாங்கக்கா. மானத்த வாங்காத."

அப்பா எங்கள் இருவர் பேரிலும் எழுதிவைத்த வீடு இது. அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வேறு இடத்தில் இருக்கிறான். எனக்கும் என் தையல் மிஷினுக்கும் இதை விட்டால் போக்கிடம் இல்லை. படப்பிடிப்பு நடக்கும் இரண்டு நாளும் நான் அவன் வீட்டில் தங்க வேண்டுமாம். அனுமதிப் பத்திரம் என்று ஒரு கட்டுக் காகிதத்தை மேசையில் வைத்து, பென்சிலால் புள்ளி வைத்த இடங்களில் கையெழுத்துப் போடச் சொன்னான். அவன் நீட்டும் எதையும் நான் படித்துப் பார்த்ததில்லை. பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அவனுக்கு போன் வந்தது, பேசிக்கொண்டே மாடிப்படி ஏறிப் போய்விட்டான்.

அப்போதுதான் ஒலிப்பதிவு செய்யும் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கை நீட்டியபடி ஹால் நடுவில் வந்து நின்றாள். இடுப்பில் தொங்கிய ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"வீட்ல என்னென்ன சத்தம் வருதுன்னு கேக்கணும். ஃபிரிட்ஜையும் ஃபேனையும் அணைச்சிடுங்கம்மா. ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க."

அணைத்தேன். இதுதான் சாக்கு என்று எவராவது பீரோ பக்கம் நழுவுகிறாரா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் அசையவில்லை. இந்த வீடு இத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

மாடிப்படி வழியாகத் தம்பியின் குரல் தெளிவாக இறங்கி வந்தது.

"அக்காவா? அவளுக்கு ஒன்னும் தெரியாது. ஷூட்டிங் பேப்பரோட வீட்ட விக்கிற பேப்பரையும் சேத்து வச்சிருக்கேன், கண்ண மூடிட்டுப் போட்டுடுவா. ரெண்டு நாள் அவ இங்க இருக்க மாட்டா. நீங்க தாராளமா வந்து பாருங்க."

இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். கேமராக்காரர் சுவரைப் பார்த்தார். ஊர் பேர் தெரியாத மூன்று பேரைக் காவல் காத்துக்கொண்டிருந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒரு நிமிடம் முடிந்தும் அந்தப் பெண் மைக்கை இறக்கவில்லை.

தம்பி சிரித்த முகமாக இறங்கி வந்தான். "என்னக்கா, போட்டாச்சா?"

"உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவன் உட்காரும் வரை காத்திருந்து, அந்தப் பெண்ணிடம் திரும்பினேன்.

"இப்ப பதிஞ்சத முதல்லேர்ந்து சத்தமா போடும்மா. என் தம்பி கேக்கட்டும்."