பக்கத்து நாற்காலி

மூன்றாம் வகுப்பில் அவளை எல்லாரும் துணை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். சிட்டுவுக்குத் துணை. அந்தச் சின்னப்பெண்ணுக்குச் சிட்டு என்ற செல்லப்பெயரை வைத்ததும் இவள்தான். சிட்டுவுக்குப் பேச்சு வராது. சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவாள். துணை டீச்சர் அவளை ஒட்டினாற்போல் நாற்காலி போட்டு, பென்சில் பிடிக்கக் கைகொடுத்து, மதியச் சாப்பாட்டையும் வகுப்பறையிலேயே அவளோடு முடித்துக்கொள்வாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்று வருடமாக இதே கதைதான். தன் வீட்டில் வாய் திறந்து பேச ஆளில்லை என்பது பகலில் துணை டீச்சருக்கு நினைவுக்கே வராது.

இந்த வருடம் புது வகுப்பாசிரியை வந்தாள். வயதில் சின்னவள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க டீச்சர்."

"நீங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் அவ உங்களைத்தான் பாப்பா. மத்த பிள்ளைங்களும் அவகிட்ட வர மாட்டாங்க. இன்னைக்கு நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி போட்டுக்கறீங்களா?"

"அழுவா டீச்சர்."

"அழுதா போங்க. ஆனா உடனே போகாதீங்க."

துணை டீச்சருக்குச் சுருக்கென்றது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள்.

அன்று விதை முளைக்கும் பாடம். இரண்டிரண்டு பேருக்கு ஊறவைத்த விதைகளும் ஒரு கட்டுப் படங்களும் கிடைத்தன. எது முன்னால், எது பின்னால் என்று சொல்லலாம், எழுதலாம், படத்தை அடுக்கியும் காட்டலாம். சிட்டுவுக்கு ஜோடி, ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பேர் வாங்கிய பெண். போச்சுடா என்று நினைத்தாள் துணை டீச்சர்.

சிட்டு திரும்பிப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. துணை டீச்சர் பாதி எழுந்துவிட்டாள். ஆசிரியை கையை மட்டும் லேசாகக் காட்டினாள்: பொறுங்க.

ரேடியோ அதிசயமாக வாயை மூடிக்கொண்டு, ஒரு விதையைத் தோலுரித்துச் சிட்டுவின் உள்ளங்கையில் வைத்தாள். சிட்டு அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு படங்களை இழுத்து மளமளவென்று அடுக்கினாள். ஒன்றுகூடத் தப்பில்லை.

"டீச்சர்! இவளுக்கு எல்லாம் தெரியுது!" ரேடியோ கத்தினாள். சிட்டு காதைப் பொத்தினாள். ஆனால் மேசைக்கடியில் போகவில்லை. சிரித்தாள்.

துணை டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். அதோடு வேறு ஏதோ ஒன்றும் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மதியமணி அடித்ததும் சிட்டு, ரேடியோவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

துணை டீச்சர் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே யார் எங்கே உட்காருவார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

கைப்பை வைத்திருந்த ஒரு நாற்காலியருகே போனாள். "இங்க யாராவது வருவாங்களா?"

கணக்கு டீச்சர் கைப்பையை நகர்த்தி இடம் விட்டாள். "உக்காருங்க. புதுசா சேந்திருக்கீங்களா?"

மூன்று வருடம் என்று சொல்ல வாயெடுத்தவள் டப்பாவைத் திறந்தாள்.

"ஆமாங்க," என்றாள்.