சாமித் தட்டைச் சுற்றிப் போன பைப்

லயத்து வீட்டில் தச்சுப் பட்டறை போடுகிறவன் முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகள். பின்சுவரில் ஓட்டை போட்டால் மரத்தூள் இன்னொரு குடும்பத்தின் படுக்கையில் விழும். முன்பக்கம் விட்டால் பள்ளத்துக் காற்று அப்படியே உள்ளே திருப்பித் தள்ளும். கூரைத் தகரத்தில் கை வைக்கத் தோட்டத்து ஆபீஸ் விடாது. மிச்சம் ஒரே வழிதான். நடுச்சுவர்கள் கூரை வரை எட்டுவதில்லை. அந்த இடைவெளியில், நல்லமுத்து மாமா வீட்டையும் கந்தப்பன் அண்ணன் வீட்டையும் தாண்டி, லயத்தின் கடைசிச் சுவருக்கு வெளியே தூசி தள்ளும் பைப்பைக் கொண்டுபோக வேண்டும்.

முடியாவிட்டால் ரம்ப மெசினை விற்க வேண்டியதுதான். என் மனைவி ஜெயந்தினிக்கு இழுப்பு. மெசின் ஓடினால் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மழையிலும் வாசலில் போய் நிற்பாள். "ஒண்ணு அது இருக்கட்டும், இல்லாட்டி நான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டாள்.

பைப் நேராகப் போனால்தான் தூசி வெளியே போகும், வளைக்க வளைக்க வேகம் செத்துவிடும் என்று இரண்டு வீட்டிலும் விளக்கினேன்.

"சாமி தலைக்கு மேல குப்பைய கொண்டு போவியா?" என்றார் கந்தப்பன் அண்ணனின் மனைவி நாகலெட்சுமி அக்கா. "சுத்திக் கொண்டு போ."

அவர்கள் சுவரில் இருந்த சாமித் தட்டைச் சுற்றினால் இரண்டு எல்போ, வளைவு மூட்டு, வேண்டும். நல்லமுத்து மாமா விறகு அடுக்கும் இடத்தை விட்டுச் சுவரோரமாகப் போடச் சொன்னார். இன்னும் இரண்டு.

"பாதி வழியில அடைச்சுக்கிடும் மாமா."

"பெக்டரி நைட் வேலையத் தாங்க முடியாம ஓடியாந்தவன் நீ. காத்தப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா?"

கொழுந்து வாட்டும் விசிறிகளுக்குப் பக்கத்தில் நின்றே நான் தூக்கத்தைத் தொலைத்தவன். காற்றைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது. இதைச் சொல்லி என்ன பயன்? கேட்டபடியே மாட்டினேன்.

மெசினைப் போட்டேன். தூசி இழுக்கும் மோட்டார் கொஞ்சநேரம் ஒழுங்காகத் தள்ளியது. பிறகு முனகியது. மரத்தூள் அறைக்குள்ளேயே சுழல, ஜெயந்தினி துண்டோடு வெளியே போனாள். சுவிட்சை எட்டுவதற்குள் கந்தப்பன் வீட்டில் ஏதோ வெடித்தது. அடைத்துக்கொண்ட எல்போ கழன்று மாரியம்மன் படத்தின் மேல் தூளை மொத்தமாகக் கொட்டியிருந்தது.

திட்டு வாங்கத் தயாராகப் போய் நின்றேன். நாகலெட்சுமி அக்கா படத்தை இறக்கி, முந்தானையால் துடைத்து, முன்சுவரில் சாய்த்து வைத்தார்.

"இனி இங்கயே இருக்கட்டும். நீ நேராப் போட்டுக்க."

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமேக்கா."

"சும்மா இருக்குற சாமிய எறக்க ஏலுமா? அழுக்காச்சு, எறக்குனேன். புதுத் தட்டு நீதான் அடிச்சுத் தரணும். பலா மரத்துல."

"மூட்டுக்கு மூட்டு பூவும் செதுக்கித் தரச் சொல்லு," என்றார் கந்தப்பன் அண்ணன்.

அங்கே வளைவை எடுத்தேன். நல்லமுத்து மாமா விறகை அசைக்கவில்லை. அவருடைய இரண்டு எல்போவும் அப்படியே நிற்கின்றன.

பலாப் பலகையை அறுத்தேன். மோட்டார் முனகாமல் தள்ளியது. அடுப்படியில் ஜெயந்தினி இருமினாள். வெளியே போகவில்லை.