மஞ்சள் லம்போர்கினிப் படப்புத்தகம்

என் கணவன் விவேக்குக்குப் பொய் சொல்ல வராது. கல்லூரியில் அதற்காகத்தான் அவனைக் காதலித்தேன். இப்போது அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் படிப்பை முடித்து ஒன்றரை வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். கார் கம்பெனிகள் இருப்பவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். விசா மாதக் கடைசியோடு முடிய இருந்தது. வேலை கிடைத்தால் இங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் மதுரைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நிலைமையில்தான் ஓர் உதிரிபாகக் கம்பெனி கடைசி இன்டர்வியூவுக்கு நேரில் வரச் சொன்னது.

முந்தைய சுற்றுகள் வீடியோவில் நடந்தன. மேலாளர் ப்ராண்ட் என்பவரின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய மஞ்சள் லம்போர்கினியின் படம் தொங்கும். சனிக்கிழமை பழைய சாமான் சந்தையில் அதே காரைப் பற்றிய பெரிய படப்புத்தகம் விவேக்கின் கண்ணில் பட்டுவிட்டது. அட்டை ஓரம் நைந்திருந்தாலும் உள்ளே படங்கள் பளபளவென்று இருந்தன. அன்று மாலை என்னையும் சோபாவில் இழுத்து உட்கார வைத்து, "இந்த வளைவைப் பாரு வத்சு, இந்தக் கதவைப் பாரு" என்று பக்கம் பக்கமாகக் காட்டினான். அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. தனக்காக வாங்கியிருக்கிறான் என்றே நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை புத்தகத்தோடு போனவன் புத்தகத்தோடு திரும்பி வந்தான். ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தான்.

"எல்லாம் நல்லாத்தான் போச்சு. கான்ட்ராக்ட் டேபிள் மேலயே இருந்துச்சு. சைன் பண்றதுக்கு முன்னாடி இதை எடுத்து அவர்கிட்ட குடுத்தேன்."

"எதுக்குடா?"

"பெரிய மனுஷனைப் பார்க்கப் போறப்ப வெறுங்கையோட போவாங்களா? ஒரு எலுமிச்சம்பழமாவது கொண்டு போக மாட்டோம்?"

எங்கள் ஊரில் அப்படித்தான். யாரும் அதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. ப்ராண்டும் ஆசையாகத்தான் வாங்கிப் புரட்டினாராம். பக்கத்தில் இருந்த மனிதவளத்துறை அம்மாள் மட்டும், "இது உங்கள் வீட்டில் இருந்ததா, இவருக்காக வாங்கியதா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இவருக்காகத்தான் தேடி வாங்கினேன்" என்று எங்கள் வீட்டு உத்தமர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

ப்ராண்ட் புத்தகத்தை மூடி அவன் பக்கம் தள்ளினாராம். அந்த அம்மாள் ஒப்பந்தத்தை எடுத்துக் கோப்புக்குள் வைத்துவிட்டாள். வேலை கேட்டு வருகிறவரிடம் பரிசு வாங்கினால் அது லஞ்சம் என்று விதி இருக்கிறதாம்; மேலிடத்துக்குச் சொல்லியே ஆக வேண்டுமாம். வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. வருந்துகிறோம், வாழ்த்துகள், அவ்வளவுதான்.

"வீட்ல சும்மா கிடந்துச்சுன்னு சொல்லியிருந்தா உன் தலையா போயிருக்கும்?" என்று கத்தினேன். ஆத்திரமும் பயமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

விவேக் என்னையே பார்த்தான்.

"லஞ்சம் குடுக்கிறவன்தான் வத்சு அதை மறைப்பான். அப்ப நீயும் அவங்களை மாதிரி இதை லஞ்சம்னுதான் நினைக்கிற."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தாலும் அவன் நம்பியிருக்க மாட்டான். எழுந்து போய், மதுரையிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கினான். என் முகத்தைப் பார்க்காமலே, முதலில் என் புடவைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தான்.