கடைசி நாற்காலியில் வாசித்தவள்

இசைக்குழுவில் எல்லோரும் அவளை நாற்காலி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட அரங்கில் ஒத்திகை. ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நாற்பத்திரண்டு நாற்காலி போடுவாள், இசைத்தாள்களை அடுக்கி வைப்பாள். யாருக்கு விளக்கு கண்ணைக் கூசும், யாருக்கு மின்விசிறிக் காற்று ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பத்தொன்பது வருஷமாகச் சம்பளமில்லாத வேலை. பகலில் பல் ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவிக் கொதிக்க வைப்பது அவள் பிழைப்பு.

அவள் வந்தது என்னவோ வயலின் வாசிக்கத்தான். தேர்வு வைத்துக் கேட்டவர்கள், சுருதி நிற்கவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். நான்கு வருஷம் அதையே சொன்னார்கள். ஐந்தாவது வருஷம் அவள் கேட்கவில்லை. நாற்காலிகளை விட்டுப் போகவும் மனசு வரவில்லை.

அவள் புருஷன் பஸ் டிரைவர். இசைக்குழுவை முன்னால் நின்று கையசைத்து நடத்துபவருக்கும் கண்டக்டர் என்றுதான் பெயர். "எங்க கண்டக்டரும் கையை ஆட்டுறான், உங்க கண்டக்டரும் ஆட்டுறாரு. எங்காளு டிக்கெட்டாவது கிழிப்பான்" என்று சிரிப்பான்.

இந்த வருஷ ஆண்டு விழாவில் அவளைக் கௌரவிப்பதென்று முடிவானது. ஒத்திகை முடிந்து எல்லோரும் நிற்கும்போதே கண்டக்டர் கேட்டார்.

"கேடயம் கண்டிப்பா உண்டு அக்கா. அது போக உங்களுக்கு என்ன வேணும்? கூச்சப்படாம கேளுங்க."

"ஒரே ஒரு உருப்படி உங்களோட உக்காந்து வாசிக்கணும் சார். கடைசி நாற்காலி போதும்."

அவர் வாய் திறப்பதற்குள் சுற்றிலும் நின்றவர்கள் கை தட்டிவிட்டார்கள். "அதுக்கென்ன, தாராளமா" என்றார்.

ஏழு மாதம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினாள். விரல் நுனிகள் காய்த்துப்போயின. விழாவுக்கு முந்தைய இரண்டு ஒத்திகைகளில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தாள். கண்டக்டர் மூன்று தடவை நிறுத்தினார். "வயலின் பக்கம் ஏதோ இடிக்குதே" என்று பொதுவாகச் சொன்னார். அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை. முடிந்ததும் அவரே வந்தார்.

"உங்க வயலின் வில்லைக் கொடுத்துட்டுப் போங்க அக்கா. புது முடி கட்டித் தர்றோம். எங்க அன்பளிப்பு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

விழாவன்று மேடை ஏறும் நேரத்தில்தான் வில் கைக்கு வந்தது. புதுக் குதிரை முடி பளபளவென்று வெள்ளையாக இருந்தது. "இவங்க இல்லாம இந்தக் குழுவே இல்ல" என்று கேடயம் கொடுத்தார்கள். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. போய் உட்கார்ந்தாள். கண்டக்டர் கை உயர்ந்தது. வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தாள்.

சத்தம் வரவில்லை.

அழுத்தி இழுத்தாள். முடி வழுக்கிக்கொண்டு போனது. பிசின் தடவாத வில் தந்தியைப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியாதா? இந்த அத்தனை பேருக்கும் பிசின் கட்டி வாங்கி வைப்பதே அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வக்கீலம்மா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் முணுமுணுத்தாள்.

"கையை மட்டும் ஆட்டுங்க அக்கா. பாக்க நல்லாத்தான் இருக்கும்."

எட்டு நிமிஷம் ஆட்டினாள். எங்கே விரல் மாற்ற வேண்டுமோ அங்கே மாற்றினாள். ஒரு இடத்திலும் பிசகவில்லை.

மேடைக்குப் பின்னால் கண்டக்டரிடம் போனாள். "சார், பிசின் தடவ மறந்துட்டாங்க போலிருக்கு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை பொய்யாகவாவது சொல்லமாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அவள் தோளைத் தட்டினார். "யாருக்கும் தெரியாது அக்கா. கவலைப்படாதீங்க."

வாசலில் புருஷன் நின்றிருந்தான். ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அத்தனை வயலின்ல உன்னோடது மட்டும் தனியாக் கேட்டுச்சு தெரியுமா? சத்தியமா. நடுவுல ஒரு இடம் வந்துச்சே... அப்படியே உருகிட்டேன்."

"அப்படியா?" என்றாள் அவள்.

டெப்போவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொன்னான். வீட்டில் அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கெஞ்சினான். கை வலிக்கிறது என்றாள்.

அடுத்த செவ்வாய் அவள் ஒத்திகைக்குப் போகவில்லை. வக்கீலம்மா போன் செய்தாள். "ஸ்டாண்டு திருகாணியெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

"பியானோ பின்னாடி, நீல டப்பால."

"தேங்க்ஸ்கா" என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அங்கிருந்து போன் வரவில்லை.

புருஷனிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. இப்போதும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். ரயில் நிலையத்தில் முதல் நடைமேடை பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறாள்.

"எப்படிப் போச்சு?" என்பான், சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டே.

"நல்லாப் போச்சு" என்பாள்.